கண்டக்டர் பையும் நம் கல்லாப் பெட்டியும்

செவ்வாய்ப்பேட்டையில் நம்மிடம் சரக்கெடுக்க வரும் சில்லறை வியாபாரிகளில் இரண்டு மூன்று பேர் அண்மையில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பஸ்ஸிலேயே போனைக் காட்டி டிக்கெட் வாங்குகிறார்கள். சென்னையில் கார்டு வேறு வந்துவிட்டதாம். இனிமேல் ரொக்கத்துக்கு மதிப்பு இருக்குமா? நாமும் கடையில் ரொக்கம் வாங்குவதில்லை என்று எழுதிப் போட்டுவிடலாமா?" என்பதுதான் கேள்வி. பஸ்ஸைப் பற்றிய கேள்விபோல் தோன்றினாலும், இது நம் கல்லாவைப் பற்றிய கேள்வி. ஆகவே நாம் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் ரொக்கம் வாங்கக் கூடாது என்று எந்த உத்தரவும் கிடையாது. வந்திருப்பவை கூடுதல் வழிகளே. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 தொடக்கத்தில் யு.பி.ஐ. மூலம் டிக்கெட் கொடுக்கும் புதிய கருவியைச் சோதித்துப் பார்த்தது. மெட்ரோ ரயில் நிறுவனமும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து 2023 ஏப்ரலில் கொண்டு வந்த 'சிங்காரச் சென்னை' கார்டு, 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்லுபடியாகிறது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பேருந்துகளிலும் கண்டக்டர் கையில் இப்போது புதிய கருவியைப் பார்க்கிறோம். பழைய தோல் பையும் தோளில் தொங்கத்தான் செய்கிறது.

போனில் கட்டுவதும் கார்டில் கட்டுவதும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. யு.பி.ஐ. என்பது 2016-ல் வந்தது. நம் வங்கிக் கணக்கிலிருந்து அந்த நிமிடமே பணம் போகிறது. அதற்கு நம் போனிலும் சிக்னல் வேண்டும், கண்டக்டர் கருவியிலும் சிக்னல் வேண்டும், நடுவில் இரண்டு வங்கிகளும் விழித்திருக்க வேண்டும். இந்தக் கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் டிக்கெட் வராது. சிங்காரச் சென்னை கார்டு போன்றவை வேறு வகை. 2019 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கி வைத்த தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டைத் திட்டத்தைச் சேர்ந்தவை அவை. அந்த அட்டையில் உள்ள சில்லுக்குள்ளேயே இருப்புத் தொகை எழுதப்பட்டிருக்கும். அதிகபட்சம் 2,000 ரூபாய் வரை ஏற்றி வைக்கலாம். கருவியின்மேல் தொட்டால் அதற்குள்ளேயே கழித்துக்கொள்ளும். வங்கியைக் கேட்க வேண்டியதில்லை, சிக்னலும் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியில் போனில் பணம் கட்ட முயன்றவர்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் விளங்கும்.

கார்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அது முன்பணம். பயணம் செய்வதற்கு முன்பே பயணி பணத்தைக் கட்டிவிடுகிறார். ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 100 ரூபாய் ஏற்றி வைத்திருந்தால் 1 கோடி ரூபாய் வட்டியில்லாமல் கார்டு கொடுத்தவரிடம் நிற்கும். நாமோ 15 நாள், 30 நாள் என்று கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு அலைகிறோம். முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுக்கும் யோகம் மளிகைக்காரருக்கு வாய்க்கவில்லை!

இனி நம் விஷயத்துக்கு வருவோம். பஸ் டிக்கெட்டுக்கும் மளிகைக் கடைக்கும் என்ன உறவு? சில்லறைதான் உறவு.

நாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 1973-ல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997-ல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் மாறியது. அந்தக் கால டவுன் பஸ் கண்டக்டர் ஒரு நடமாடும் சில்லறைக் கருவூலம். காலை முதல் இரவு வரை பத்துப் பைசா, இருபத்தைந்து பைசா, எட்டணா என்று அவர் பையில் விழுந்துகொண்டே இருக்கும். டிரிப் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பக்கத்துக் கடைக்காரர் நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கிக்கொள்வார். கண்டக்டருக்குப் பை கனம் குறையும், கடைக்காரருக்குக் கல்லா நிறையும். கடையில் மிச்சம் வாங்கிக்கொண்டு போன அம்மா அதே காசைத்தான் திரும்ப பஸ்ஸில் கொடுப்பார். இப்படியே சுற்றிச் சுற்றி வந்த காசு அது. கோவில் உண்டியல், டீக்கடை, டவுன் பஸ் இந்த மூன்றும்தான் பஜாருக்குச் சில்லறை வந்த வாய்க்கால்கள். ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவில் கூட்டம் முடிந்த கையோடு பஜாரில் சில்லறைப் பஞ்சம் கொஞ்ச நாள் தணிந்துவிடும் என்று நம் தகப்பனார் சொல்வார்.

சில்லறை கிடைக்காதபோது பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். நூறு ரூபாய்ச் சில்லறைக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கொடுத்து நாம் வாங்கிய காலம் உண்டு. சில்லறைக் கடைகளில் மிச்சத்துக்குப் பதிலாக மிட்டாயும் தீப்பெட்டியும் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்! பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்புறத்தில் மூன்று என்று எழுதி வட்டம் போட்டுக் கொடுப்பார். இறங்கும்போது மறந்தால் மூன்று ரூபாய் போச்சு. ஞாபகமாகக் கேட்டு வாங்கியவர்களைவிட வெட்கப்பட்டுக் கேட்காமல் இறங்கியவர்களே அதிகம். பயணி நினைத்தார், கண்டக்டர் சாப்பிட்டுவிட்டார் என்று. கண்டக்டரைக் கேட்டால், கணக்கில் குறைந்தால் தம் கைக்காசைப் போட்டுக் கட்டவேண்டிய அவதியைச் சொல்வார். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ரொக்கத்துக்கு இப்படி ஒரு செலவு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அதை நாம் கணக்கில் எழுதாததால் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

2011 ஜூன் 30-உடன் இருபத்தைந்து பைசா சட்டப்படி ஓய்வு பெற்றது. எட்டணா இன்றும் சட்டப்படி செல்லும், ஆனால் யாரும் வாங்குவதில்லை. அடுத்து, பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஒரு வதந்தி கிளம்பியது. அதை யார் கிளப்பினார்களோ தெரியாது, ஆனால் அதைப் பரப்பியதில் நம் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் 14 விதமான வடிவங்களிலும் உள்ள பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது. அதற்குப் பிறகும் வாங்க மறுத்தவர்கள் உண்டு. 2022-ல் தர்மபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் சுமார் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேலத்தில் கார் வாங்கிய செய்தியைப் பத்திரிகையில் எல்லோரும் படித்தோம். கடைகளில் அந்த நாணயத்தை வாங்க மறுத்ததால்தான் அப்படிச் செய்தாராம். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். அவர் சொன்ன கடைகளில் நம்முடையதும் இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு பட்டுவாடாவில் 1,000 ரூபாய் வரை செல்லும். எட்டணா நாணயம் 10 ரூபாய் வரை செல்லும். அதற்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் நம் விருப்பம். வங்கிகள் நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. நூறு நூறாக எண்ணி பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுபோனால் காசாளருக்கும் முகம் சுளிக்கக் காரணம் இருக்காது.

சரி, கண்டக்டர் பைக்குத் திரும்புவோம். அந்தப் பை இலேசாகத் தொடங்கியது கார்டு வந்ததால் அல்ல. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூடையோடு ஏறும் அம்மா, மில் வேலைக்குப் போகும் பெண், கல்லூரி மாணவி எல்லோரும் காசில்லாத டிக்கெட்டில் போகிறார்கள். அது நல்ல காரியம். அந்தப் பஸ் காசு மிச்சமாகி நம் கடையில் ஒரு சோப்பாகவோ கால் கிலோ பருப்பாகவோ மாறுகிறது என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் பஜாருக்குச் சில்லறை வந்த பெரிய வாய்க்கால் அன்றே பாதி வற்றிவிட்டது. இப்போது ஆண் பயணிகளும் போனுக்கு மாறினால் மீதியும் வற்றும். கடையில் சில்லறை இல்லை, யு.பி.ஐ.யில் போடுங்கள் என்கிறோம். வாடிக்கையாளர் அதற்குப் பழகிப் பஸ்ஸிலும் அதையே செய்கிறார். கண்டக்டரிடம் சில்லறை சேருவதில்லை. நமக்கு இன்னும் கிடைப்பதில்லை. இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது. நோட்டோடு வருகிறவருக்குத்தான் ஒவ்வொரு நாளும் சங்கடம் கூடுகிறது.

வெளிநாட்டில் பஸ்ஸில் ரொக்கத்தையே நிறுத்தியது உண்டா என்றால், உண்டு. லண்டன் மாநகரப் பேருந்துகளில் 2014 ஜூலை 6 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. ஆனால் அதை அவர்கள் ஒரே நாளில் செய்யவில்லை. 2003-லேயே 'ஆய்ஸ்டர்' என்ற கார்டைக் கொண்டு வந்தார்கள். கார்டுக்கு ஒரு கட்டணம், ரொக்கத்துக்கு அதைவிட அதிகக் கட்டணம் என்று வைத்தார்கள். 2014-ல் கார்டில் 1.45 பவுண்டு, ரொக்கத்தில் 2.40 பவுண்டு. 2012 முதல் வங்கிக் கார்டையும் நேராகத் தொட அனுமதித்தார்கள். இப்படிப் பதினோரு வருடம் பழக்கி, ரொக்கம் கொடுப்பவர் நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். அப்போதும் கார்டில் காசு போதாமல் நடுவழியில் நிற்பவருக்கு இன்னும் ஒரு தடவை ஏறிக்கொள்ளலாம் என்று சலுகை வைத்தார்கள். அடுத்த முறை பணம் ஏற்றும்போது கழித்துக்கொள்வார்கள். ஒரு நல்ல கடைக்காரர் செய்வதும் அதுதானே.

லண்டனைக் காட்டி இங்கேயும் அப்படிச் செய்யலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. லண்டன் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவரே காசு வாங்கி மிச்சம் கொடுத்தால் அத்தனை நேரமும் வண்டி நிற்கும். ஐம்பது பேர் ஏறும் இடத்தில் ஐந்து பேர் நோட்டை நீட்டினால் பின்னால் வரும் வண்டிகளும் நிற்கும். நம் ஊரில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் டிக்கெட் போடுகிறார். அதிகம் போனால், கூட்டமான நாளில் ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடியாமல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார்கள். ஆக, அங்கே ரொக்கத்தை நிறுத்தச் சொன்ன முதல் காரணம் இங்கே பெருமளவு இல்லை. நம் கூட்ட நேரத்தில் போனைத் திறந்து, படம் பிடித்து, ரகசிய எண் போட்டு, சக்கரம் சுற்றி முடிவதற்குள் கண்டக்டர் நான்கு பேரிடம் ரொக்கம் வாங்கியிருப்பார். கார்டு அப்படியல்ல, தொட்டவுடன் முடிந்தது. வேகத்துக்காக என்றால் கார்டுதான் வேண்டும், போன் அல்ல என்பது நம் அபிப்பிராயம்.

அவ்வளவு தூரம் போகாமல் நம் வாசலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனது. இல்லாதவர் ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு. ஓமலூரானாலும் வைகுந்தமானாலும் ராசாம்பாளையமானாலும் அதே சட்டம். 2025 நவம்பர் 15 முதல் இதில் ஒரு சின்னத் தளர்வு வந்தது. ஃபாஸ்டேக் வேலை செய்யாதபோது யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கத்துக்கு அதே இரண்டு மடங்கு என்று அப்போது வைத்தார்கள். இதனால் நமக்கு நன்மையா தீமையா? வரிசை குறைந்தது, லோடு சீக்கிரம் வருகிறது. டிரைவர் கொண்டுவந்து கொடுக்கும் ரசீதுக் கற்றையை எண்ணிக் கூட்டிப் பார்க்கும் வேலை போயிற்று, எந்தச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று உரிமையாளருக்கே செய்தி வந்துவிடுகிறது. வாடகைத் தகராறு பாதி குறைந்தது. நன்மைதான்.

ஆனால் சுங்கச் சாவடியில் சரியாக இருப்பது பஸ்ஸில் சரியாகிவிடாது. லாரி வைத்திருப்பவருக்கு வங்கிக் கணக்கு இருக்கும், போன் இருக்கும், கணக்குப்பிள்ளை இருப்பார். பனமரத்துப்பட்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரும் பெரியவரிடம் என்ன இருக்கும்? மடியில் இருக்கும் நோட்டுதான். அதை வாங்கமாட்டேன் என்றாலும், அதற்கு இரண்டு மடங்கு என்றாலும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. நம் கடையில் அரிசி வாங்க வருகிறவரும் அதே பெரியவர்தான். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோதுகூட அரசுப் பேருந்துக் கட்டணத்துக்குச் சில வாரங்கள் விதிவிலக்குக் கொடுத்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஊர் போய்ச் சேருவதை நிறுத்த முடியாது என்று அன்றைக்கே அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

இந்த விஷயத்தில் நமக்கே ஒரு அனுபவம் ஏற்பட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறோம். பேரன் பழக்கிவிட்டதில் ஒரு வருடமாக நாம் பாக்கெட்டில் காசு வைக்காமலே திரிந்தோம். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நாமக்கல்லில் வசூல் முடித்து இராசிபுரம் வழியாகச் சேலம் வரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம், போன் செத்துக் கிடந்தது. அன்றைய வசூலும் காசோலைதான். கண்டக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, வீட்டுல யாருக்காவது போன் பண்ணிப் போடச் சொல்லுங்க." எந்தப் போனில் பண்ணுவது? யார் நம்பர் நமக்கு மனப்பாடம்? நாற்பது வருடம் மொத்த வியாபாரம் பார்த்தவர் பஸ் டிக்கெட்டுக்கு முழித்தோம். பக்கத்துச் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா ஒன்றும் பேசாமல் சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு நோட்டை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். "இருக்கட்டுங்கண்ணா, டவுன்ல பூ மார்க்கெட்லதான் இருப்பேன், பாக்கறப்ப குடுங்க" என்றார். மிச்சச் சில்லறையையும் எண்ணி வாங்கிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பழைய பேருந்து நிலையப் பக்கம் போய்த் தேடிப் பணத்தைக் கொடுத்தோம். கூடைக்கு முன்னால் க்யூ.ஆர். அட்டை வைத்திருந்தார். "இதுலயே வாங்கறீங்களாம்மா?" என்று கேட்டோம். "வாங்கறதுதானுங்க. அது பையன் கணக்கு. அதுல விழற காசு எங் கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் கேட்டா, இவ்வளவுதாம்மா வந்துச்சுங்கறான். நோட்டா வந்தாத்தான் எங் காசு" என்றார். நாம் நம் கடை வாசலில் இரண்டு வருடமாக ஒட்டி வைத்திருக்கும் அட்டையைப் பற்றி அதற்கு முன் இப்படி யோசித்ததில்லை. நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் பெயரில் தனிக் கணக்கும் தனிப் போனும் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். விரல்விட்டு எண்ண முழுக் கைகூடத் தேவைப்படவில்லை.

கடைக்காரர் கண்ணோடு கணக்குப் பார்ப்போம். யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. வந்தது நூறானால் நூறு. சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை உண்டு, அவ்வளவே. கிரெடிட் கார்டு அப்படியல்ல. சுமார் 2 சதவிகிதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. நம் கணக்கில் சர்க்கரை, எண்ணெய் மொத்த வியாபாரத்தில் நிற்பதே நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான். கிரெடிட் கார்டில் ஒரு லோடு விற்றால் லாபத்தையும் கொடுத்துக் கைக்காசையும் கொடுக்க வேண்டும். ஆகவே எல்லாக் கார்டையும் ஒரே மாதிரி நினைத்துவிடக் கூடாது. ரொக்கத்துக்கோ எண்ணும் நேரம், கிழிந்த நோட்டு, வங்கியில் காத்திருப்பு, வரம்புக்கு மேல் ரொக்கம் கட்டினால் நடப்புக் கணக்கில் பிடிக்கும் கட்டணம், இரவில் கல்லாவைக் காக்கும் கவலை என்று செலவு பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது. நம் கடையில் ரொக்கம் கட்டப் பையன் வங்கிக்குப் போய்வர ஆகும் நேரத்தை ஒரு மாதம் குறித்து வைத்தோம். அவன் சம்பளத்தில் மூன்று நாள் அதற்கே போயிருந்தது.

பணம் போய்விட்டது என்று வாடிக்கையாளர் போனைக் காட்டுகிறார், நம் பெட்டி பேசவில்லை. பஸ்ஸில் கண்டக்டருக்கும் இதே தலைவலிதான். கருவி டிக்கெட்டைத் துப்பாவிட்டால் அவர் பணம் வந்ததாக ஏற்க முடியாது. இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு உத்தரவு இருக்கிறது. வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து வியாபாரிக்கு உறுதிச் செய்தி வராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைத்ததில் நம் கடையில் வாக்குவாதம் பாதி குறைந்தது. போனில் காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுப்பது மட்டும் கூடாது. போலிப் படம் காட்டி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். நம் கணக்கில் விழுந்ததா என்பதே கேள்வி.

யு.பி.ஐ. என்றால் வரி அதிகாரி வருவார் என்ற பயத்தையும் தொட்டாக வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகளில் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதிப் போட்டார்கள். நம் பக்கத்திலும் சிலர் அதைப் பார்த்து நடுங்கினார்கள். சரக்கு விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை. வரியுள்ள சரக்கும் சேர்த்து விற்பவர் அந்த வரம்பைப் பார்க்கும்போது வரியில்லாத சரக்கின் விற்பனையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வரியில்லாத சரக்கு மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. ரொக்கமாக விற்றாலும் அதே வரம்புதான். அட்டையைக் கழற்றினால் வரம்பு மாறிவிடாது. மகன் திருப்பி அனுப்பிய கைமாற்று, வீட்டு வாடகை, கடை வரவு எல்லாவற்றையும் ஒரே எண்ணில் வாங்கினால்தான் பிறகு பிரித்துக் காட்ட முடியாமல் திண்டாட நேரும். கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். ரொக்கம் வாங்குவதில்லை என்று எழுதிப் போடலாமா? வேண்டாம் என்கிறோம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 2019-லும் நியூயார்க் நகரம் 2020-லும் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டமே போட்டன. கார்டு தோன்றிய நாட்டிலேயே அப்படி என்றால் யோசிக்க வேண்டாமா? நம் கடையில் இப்போது கல்லாவில் எப்போதும் 500 ரூபாய்க்காவது சில்லறை இருக்கும்படி வைக்கிறோம். திங்கள், வியாழன் இரண்டு நாள் வங்கியில் நாணயமாகவே கேட்டு வாங்குகிறோம். பத்து ரூபாய் நாணயத்தைத் தயங்காமல் வாங்குகிறோம், தயங்காமல் கொடுக்கிறோம். யு.பி.ஐ. அட்டையும் இருக்கிறது. இரண்டில் எது வேண்டும் என்பதை வாங்குகிறவரே முடிவு செய்கிறார்.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நாமக்கல் பேருந்து நிலையம் 2024-ல் முதலைப்பட்டிக்கு மாறிவிட்டது. வெளியூர் வண்டியில் வந்து இறங்குபவர் கடைவீதிக்கு வர இன்னொரு டவுன் பஸ் ஏற வேண்டும். அந்தச் சின்ன டிக்கெட்டில்தான் சில்லறைச் சண்டை அதிகம், கார்டு உண்மையில் உதவுவதும் அங்கேதான். நம் இரு மாவட்டங்களுக்கும் கார்டு வருமானால், பணம் ஏற்றும் இடம் பஸ் நிலையக் கவுண்டர் மட்டுமாக இருக்கக் கூடாது. லண்டனில் ஆய்ஸ்டர் கார்டுக்குப் பணம் ஏற்றுவது தெருமுனைப் பத்திரிகைக் கடைகளிலும் சிறு கடைகளிலும்கூட நடக்கிறது. நகரம் முழுவதும் ஆயிரக்கணக்கான கடைகளுக்கு அந்த உரிமை உண்டு, கடைக்காரருக்குக் கமிஷனும் உண்டு. ஹாங்காங்கில் 1997-ல் போக்குவரத்துக்காக வந்த 'ஆக்டோபஸ்' கார்டில் இன்று கடையில் சாமானும் வாங்குகிறார்கள், கடையிலேயே பணமும் ஏற்றுகிறார்கள். கையில் நோட்டு மட்டும் உள்ளவர் நம் மளிகைக் கடைக்கு வந்து 50 ரூபாய் கொடுத்துக் கார்டில் ஏற்றிக்கொண்டு போக முடியுமானால், பூக்கார அம்மாவின் நோட்டும் செல்லும், கண்டக்டருக்கும் சில்லறைத் தொல்லை இராது, நமக்கும் கடைக்குள் ஒரு வாடிக்கையாளர் கூடுதலாக வருவார். கமிஷன் எவ்வளவு, கருவிக்கு யார் பணம் போடுவது, கோளாறானால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கார்டு வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக நாமே முன்மொழிகிறோம். வழிமொழிய விரும்புகிறவர்கள் அதற்கு முன்பே சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.